வரைகலை அட்டை ஓவர்கிளாக்கிங்

வரைகலை அட்டை ஓவர்கிளாக்கிங் என்பது கணினியிலுள்ள வரைகலை அட்டையை, அதன் உற்பத்தியாளர் நிர்ணயித்த கடிகார வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் இயங்கச் செய்யும் முறையாகும். தமிழில் இதனை வேகமிகுப்பு எனலாம். நிகழ்பட ஆட்டங்களில் நொடிக்குக் காட்டப்படும் சட்டகங்களின் எண்ணிக்கையை உயர்த்துவதே இதன் பொதுவான நோக்கம். புதிய அட்டை வாங்காமலேயே சிறிதளவு கூடுதல் திறனைப் பெற இம்முறை உதவுகிறது.

வேகமிகுப்பின் பாதுகாப்பான எல்லையை மென்பொருளில் தெரியும் எண் தீர்மானிப்பதில்லை. அட்டையில் தோன்றும் வெப்பம், அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அறைக் காற்றின் வெப்பநிலை, கணினிக்கு மின்சாரம் தரும் கருவிகளின் கொள்ளளவு ஆகிய மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, குளிர் நாடுகளில் பரிந்துரைக்கப்படும் அமைவுகள் புதுச்சேரி, சென்னை, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமண்டலக் கடலோர ஊர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

அடிப்படை

வரைகலை அட்டையின் மையப் பகுதி வரைகலைச் செயலி ஆகும். இது ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்துக்கு ஏற்பக் கணக்கிடுகிறது. நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பது மெகாஹெர்ட்ஸ் அலகில் குறிக்கப்படுகிறது. 1999 இல் வெளியான என்விடியாவின் ஜீபோர்ஸ் 256 செயலி 120 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 2022 இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 4090 செயலியின் உயர்த்திய வேகம் 2520 மெகாஹெர்ட்ஸ் ஆகும்.

ஒரே வார்ப்பில் உருவாகும் சிலிக்கான் சில்லுகள் அனைத்தும் ஒரே தரத்தில் அமைவதில்லை. தரம் குறைந்த சில்லும் பல ஆண்டுகள் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் அதிகாரப்பூர்வ வேகத்தைச் சற்றுக் குறைத்தே நிர்ணயிக்கின்றனர். தரம் கூடிய சில்லில் இவ்வாறு மிஞ்சும் இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வதே வேகமிகுப்பு. இதனால் ஒரே பெயருடைய இரண்டு அட்டைகளில் ஒன்று எட்டும் வேகத்தை மற்றொன்று எட்டாமல் போகலாம். பிறர் அடைந்த எண்ணைத் தம் அட்டையில் அப்படியே பதிவது தவறான அணுகுமுறை ஆகும்.

அட்டையில் வேகமிகுப்புச் செய்யக்கூடிய கடிகாரங்கள் இரண்டு. ஒன்று செயலியின் கடிகாரம். மற்றொன்று அட்டையிலேயே பொருத்தப்பட்டுள்ள நினைவகத்தின் கடிகாரம். இவற்றைத் தனித்தனியே மாற்றலாம்.

வரலாறு

தொடக்க கால அட்டைகள் மாறாத ஒரே வேகத்தில் இயங்கின. அக்காலத்தில் பயனர்கள் ரிவாட்யூனர், ஏடிஐடூல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு வேகத்தை உயர்த்தினர். 2002 இல் வெளியான ரேடியான் 9500 அட்டைகள் சிலவற்றில், முடக்கப்பட்டிருந்த உட்பகுதிகளை மென்பொருள் வழியே இயக்கி, அவற்றை விலை கூடிய ரேடியான் 9700 அட்டைக்கு இணையாக்கவும் முடிந்தது. அட்டையின் பயாஸை மாற்றி எழுதுவதும் அக்காலத்தில் பரவலாக இருந்தது.

2012 மார்ச்சில் வெளியான ஜீபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 680 அட்டையுடன் ஜிபியு பூஸ்ட் என்னும் நுட்பத்தை என்விடியா அறிமுகப்படுத்தியது. இதன்படி வெப்பமும் மின்திறனும் இடங்கொடுக்கும் அளவுக்கு அட்டை தன் வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்கிறது. நெருக்கடி ஏற்பட்டால் தானே குறைத்துக்கொள்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் அட்டைகளிலும் இதையொத்த நுட்பம் உள்ளது. இம்மாற்றத்துக்குப் பிறகு, பயனர் இடும் எண் உறுதியான வேகம் அன்று. அட்டை தானே தேர்ந்துகொள்ளும் வேகத்தோடு கூட்டப்படும் ஒரு மதிப்பு மட்டுமே. 2018 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையுடன், தகுந்த மதிப்பைத் தானாகவே தேடித்தரும் வசதியும் அறிமுகமானது.

மின்னழுத்தமும் வெப்பமும்

சில்லு ஒன்று இயங்கும்போது செலவிடும் மின்திறன் கடிகார அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. இந்தத் திறன் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக, அதிர்வெண்ணை மட்டும் 5 விழுக்காடு உயர்த்தினால் மின்திறனும் ஏறத்தாழ 5 விழுக்காடு உயரும். அதனுடன் மின்னழுத்தத்தையும் 5 விழுக்காடு உயர்த்தினால் மின்திறன் ஏறத்தாழ 16 விழுக்காடு உயரும். கிடைக்கும் வேகம் இரண்டு நேர்விலும் ஒன்றே. மின்னழுத்தம் உயரும்போது வெப்பம் இவ்வளவு விரைவாகப் பெருகுவதற்கு இருமடி விதியே காரணம்.

வெப்பமும் மின்னழுத்தமும் சில்லின் ஆயுளையும் குறைக்கின்றன. சில்லுக்குள் உள்ள மிக மெல்லிய உலோகப் பாதைகளில் மின்னோட்டம் பாயும்போது உலோக அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்கின்றன. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் கூடக்கூட இத்தேய்மானம் விரைவுபடும் என்பதை ஜேம்ஸ் பிளாக் என்னும் ஆய்வாளர் 1960களின் இறுதியில் சமன்பாடாக வகுத்தார்.

கடலோர ஊர்களின் நிலை: முத்தியால்பேட்டை

புதுச்சேரி நகரின் வடபகுதியில் வங்காள விரிகுடாவுக்கு அண்மையில் முத்தியால்பேட்டை அமைந்துள்ளது. வேகமிகுப்பு வெப்பமண்டலக் கடலோரத்தில் எவ்வாறு மாறுபடுகிறது என்பதற்கு இப்பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

காற்றால் குளிர்விக்கப்படும் அட்டையின் வெப்பநிலை எப்போதும் அறைக் காற்றின் வெப்பநிலைக்கு மேலேயே இருக்கும். மின்திறனும் விசிறியின் சுழற்சியும் மாறாதவரை, இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடும் பெரிதும் மாறாது. 2016 இல் வெளியாகி, ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையின் திறன் வரம்பு 120 வாட் ஆகும். இத்தகைய அட்டை 25 பாகை செல்சியசு அறையில் 70 பாகையில் இயங்குவதாகக் கொள்வோம். வேறுபாடு 45 பாகை. மேற்கூறியவாறு மின்திறன் 16 விழுக்காடு உயர்ந்து 139 வாட் ஆனால், அதே விசிறி வேகத்தில் வேறுபாடு ஏறத்தாழ 52 பாகை ஆகும். இதன்படி:

• 25 பாகை அறையில், இயல்பான வேகத்தில்: 70 பாகை
• 25 பாகை அறையில், வேகமிகுப்புடன்: 77 பாகை
• 35 பாகை அறையில், இயல்பான வேகத்தில்: 80 பாகை
• 35 பாகை அறையில், வேகமிகுப்புடன்: 87 பாகை

குளிரூட்டி இல்லாத வீட்டில் கத்திரி வெயில் காலத்துப் பிற்பகலில் 35 பாகை என்பது அரிதான அளவன்று. என்விடியாவின் அட்டைகள் பலவற்றில் இயல்பு வெப்ப இலக்கு 83 பாகை ஆகும். அதனைத் தாண்டும் நிலை வந்தால் ஜிபியு பூஸ்ட் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அதாவது, பட்டியலின் நான்காம் நிலையில் பயனர் ஏற்றிய வேகத்தை அட்டையே இறக்கிவிடும். எஞ்சுவது கூடுதல் மின்செலவும் விசிறியின் இரைச்சலும் மட்டுமே.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பெறப்படுகிறது. மார்கழி இரவில் பிழையின்றி ஓடிய அமைவு சித்திரைப் பிற்பகலில் முடங்கக்கூடும். எனவே, இறுதிச் சோதனையை ஆண்டின் வெப்பம் மிக்க நாட்களில், அறை வெப்பம் உச்சத்தில் இருக்கும் வேளையில் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் கண்டறிந்த வேகத்தைக் கோடைக்கும் உரியதாகக் கொள்ளலாகாது.

கடற்காற்றிலுள்ள ஈரமும் உப்பும் மற்றொரு காரணி. ஈரக்காற்றில் தூசி பிசுபிசுத்து வெப்பத்தகடுகளின் இடுக்குகளில் அடைபோல் படிகிறது, காற்றோட்டம் குறைகிறது. உப்பு படிவதால் திருகுகளும் இணைப்பு முனைகளும் அரிக்கப்படலாம். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலரைக் கணினிக்கு அருகில் வைப்பது பயன் தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த கடலோரத்தில் அதன் குளிர்விக்கும் திறன் குறைவு. கணினிப் பெட்டிக்குள் ஈரத்தையும் அது கூட்டிவிடும்.

மின்வழங்கலும் யுபிஎஸ்ஸும்

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி அட்டைக்குத் தருகிறது. தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாய் 75 வாட் வரை தரும். ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட் எனக் கூடுதல் மின்சாரம் தருகின்றன. ஆறு முனை இணைப்பு ஒன்று மட்டுமே உள்ள அட்டைக்கு மொத்த வரம்பு 150 வாட் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். தரச்சான்று இல்லாத மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் அச்சிட்டுள்ள வாட் அளவை நம்பி வேகமிகுப்புச் செய்வது அபாயகரமானது. மின்வழங்கி பழுதாகும்போது தாய்ப்பலகையையும் அட்டையையும் சேர்த்துப் பழுதாக்கக்கூடும்.

மின்தடை நேரும் ஊர்களில் யுபிஎஸ்ஸின் கொள்ளளவும் கருதத்தக்கது. இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ்களின் உண்மைத் திறன் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே. மேற்கண்ட கணினியில் அட்டைக்கு 120 வாட், மையச் செயலிக்கு 95 வாட், ஏனைய உறுப்புகளுக்கு 40 வாட் எனக் கொண்டால் கூட்டுத்தொகை 255 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் பயனுறுதிறன் 85 விழுக்காடு எனில், சுவரிலிருந்து அது 300 வாட் இழுக்கும். திரைக்கு 30 வாட் சேர்த்தால் 330 வாட் ஆகும். வேகமிகுப்புக்குப் பின் இது 352 வாட்டாக உயர்கிறது. மையச் செயலிக்கும் சிறிது வேகமிகுப்புச் செய்தால் 360 வாட் என்ற வரம்பு கடந்துவிடும். மின்சாரம் நின்ற கணத்தில் யுபிஎஸ் சுமை தாங்காமல் அணைந்துவிடும். சேமிக்கப்படாத தரவுகள் இழக்கப்படுவதுடன் கோப்புகளும் சிதையலாம்.

கணினி இணைக்கப்படும் மூன்று முனைச் செருகிக்கு முறையான நிலத்தொடர்பு இருத்தல் வேண்டும். உலோகப் பெட்டியைத் தொடும்போது மின்னதிர்ச்சி உணரப்பட்டால், வேகமிகுப்பைத் தள்ளிவைத்து மின்பணியாளரைக் கொண்டு முதலில் அதனைச் சரிசெய்ய வேண்டும்.

முன்னேற்பாடுகள்

• கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றிய பின் தூசி நீக்க வேண்டும். ஊதுகுழலைப் பயன்படுத்தும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டற்ற சுழற்சி அதன் தாங்கியைப் பழுதாக்கக்கூடும்.
• பழைய அட்டையில் செயலிக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருக்கலாம். அதனைப் புதுப்பித்தால் வேகமிகுப்பு இல்லாமலேயே வெப்பம் குறைவதுண்டு. அட்டையைப் பிரிப்பது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.
• கணினிப் பெட்டியின் முன்புறம் காற்று உள்ளே வரவும், பின்புறமும் மேற்புறமும் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மூடிய மேசை அறைக்குள்ளோ வைத்தல் ஆகாது.
• முக்கியமான கோப்புகளுக்குப் படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை

1. எதையும் மாற்றும் முன் இயல்பு நிலையை அளக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆப்டர்பர்னர் போன்ற மென்பொருளைக் கொண்டு, ஒரே ஆட்டத்தின் ஒரே பகுதியை ஓட்டி, சராசரிச் சட்டக வீதம், உச்ச வெப்பநிலை, கடிகார வேகம், அறை வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. ஆட்டத்தின்போது வரைகலைச் செயலியின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். அதைவிட மிகக் குறைவாக இருந்தால், தடை மையச் செயலியிலோ, ஆட்டத்திலேயே விதிக்கப்பட்டுள்ள சட்டக வரம்பிலோ இருக்கலாம். அந்நிலையில் அட்டையின் வேகமிகுப்பு பயன் தராது.
3. விசிறியின் வேகத்தை வெப்பத்துக்கேற்ப முன்னதாகவே உயரும்படி அமைக்க வேண்டும்.
4. மின்னழுத்தத்தைத் தொடாமல், செயலியின் கடிகாரத்தை 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு படிகளில் உயர்த்த வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் பத்து நிமிடமாவது சோதிக்க வேண்டும்.
5. பிழை தோன்றிய உடனே நிறுத்தி, பிழையின்றி ஓடிய கடைசிப் படியிலிருந்து மேலும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இந்த இடைவெளி கோடை வெப்பத்துக்காக ஒதுக்கப்படுவது.
6. செயலியை இயல்பு வேகத்துக்குத் திருப்பிய பின், நினைவகக் கடிகாரத்தை இவ்வாறே தனியாகச் சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர உயர்த்தினால் பிழைக்குக் காரணம் எது என்பது விளங்காது.
7. இறுதியாக இரண்டு மதிப்புகளையும் சேர்த்து இட்டு, பல மணிநேரம் ஆட்டங்களில் சோதிக்க வேண்டும்.
8. கணினி தொடங்கும்போதே அமைவு செயற்படும் வசதியை, மேற்கண்ட சோதனைகள் முடியும்வரை இயக்கக் கூடாது. அவ்வாறு இயக்கினால், பிழையான மதிப்பு ஒவ்வொரு முறையும் கணினியை முடக்கும்.

பிழையின் அறிகுறிகள்

• திரையில் புள்ளிகள், நிறம் மாறிய கட்டங்கள், நீண்டு இழுபட்ட முக்கோணங்கள் தோன்றுதல். புள்ளிகளும் கட்டங்களும் பெரும்பாலும் நினைவக வேகம் மிகுந்ததைக் குறிக்கும்.
• திரை ஓரிரு நொடிகள் கருத்து மீளுதல். விண்டோசு இயங்குதளம் பதிலளிக்காத வரைகலை இயக்கியைத் தானே மீளத் தொடக்குவதால் இது நிகழ்கிறது.
• ஆட்டம் மட்டும் மூடப்படுதல் அல்லது கணினி முழுவதும் உறைதல்.
• கணினி திடீரென அணைதல். இது பெரும்பாலும் மின்வழங்கியின் போதாமையைக் காட்டும்.
• வேகத்தை உயர்த்திய பின்னும் சட்டக வீதம் குறைதல். ஜிடிடிஆர்5 முதலான நினைவகங்களில் தரவு கடத்தப்படும்போது நேரும் பிழையைக் கண்டறியும் வசதி உண்டு. பிழை நேர்ந்தால் தரவு மீண்டும் அனுப்பப்படுகிறது. திரையில் குறை எதுவும் தெரியாத நிலையிலும் ஆட்டத்தின் வேகம் குறையலாம். ஆகவே ஒவ்வொரு படியிலும் சட்டக வீதத்தை அளப்பது இன்றியமையாதது.

பர்மார்க் போன்ற சோதனைகள் ஆட்டங்களைவிடக் கூடுதலான சுமையை அட்டைக்குத் தருகின்றன. வெப்ப எல்லையை விரைவில் அறிய அவை உதவினாலும், அவற்றை நெடுநேரம் ஓட்டுவது தேவையற்றது. அவற்றில் தேறிய அமைவு எல்லா ஆட்டங்களிலும் தேறும் என்ற உறுதியும் இல்லை.

மின்னழுத்தக் குறைப்பு

வேகமிகுப்புக்கு நேர்மாறான, வெப்ப நாடுகளுக்குப் பெரிதும் உகந்த முறை மின்னழுத்தக் குறைப்பு ஆகும். இதில் கடிகார வேகத்தை மாற்றாமல், அவ்வேகத்தில் பிழையின்றி இயங்கத் தேவையான குறைந்த மின்னழுத்தம் கண்டறியப்படுகிறது. 1.05 வோல்ட்டில் இயங்கும் சில்லு அதே வேகத்தில் 0.95 வோல்ட்டிலும் இயங்குமாயின், அதன் மின்திறன் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். முன்னர்க் கண்ட 45 பாகை வேறுபாடு ஏறத்தாழ 37 ஆகும்; 35 பாகை அறையிலும் அட்டை 72 பாகையில் நிற்கும்.

வெப்பம் காரணமாக வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த அட்டை, இம்மாற்றத்துக்குப் பின் தன் உயர்ந்த வேகத்தைத் தொடர்ந்து தக்கவைத்துக்கொள்ளும். இவ்வாறு, எண்ணை ஏற்றாமலேயே கோடையில் சட்டக வீதம் உயர்வதுண்டு. மின்னழுத்தம் போதாதபோது ஆட்டம் முடங்குமேயன்றி, அதனால் சில்லுக்குத் தீங்கு நேர்வதில்லை. எனவே புதிதாகத் தொடங்குவோர் முதலில் இம்முறையைக் கையாள்வது நன்று. இதற்கும் முன்னர்க் கூறிய படிமுறைச் சோதனைகள் தேவை.

பயனும் வரம்பும்

தற்கால அட்டைகள் தம் திறனின் எல்லைக்கு அருகிலேயே தொழிற்சாலையில் அமைக்கப்படுகின்றன. ஆகவே வேகமிகுப்பால் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும். நொடிக்கு 55 சட்டகங்கள் தரும் ஆட்டத்தில் 60 சட்டகங்களை எட்ட ஏறத்தாழ 9 விழுக்காடு உயர்வு தேவை. இது சில அட்டைகளில் இயலும். 30 சட்டகங்கள் தரும் ஆட்டத்தை 60 சட்டகங்களுக்கு உயர்த்த வேகமிகுப்பால் இயலாது. நிழல், எதிரொளிப்பு போன்ற காட்சித் தர அமைவுகளில் ஒன்றிரண்டைக் குறைப்பது அத்தகைய நேரங்களில் இதைவிடக் கூடுதல் பயன் தரும்.

வேகமிகுப்பால் நேரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்குமா என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். அட்டையின் பயாஸை மாற்றி எழுதுதல், மின்னழுத்த வரம்பை உடைக்கக் கம்பிகளைப் பற்றவைத்தல் ஆகியவை அட்டையை மீளமுடியாதபடி பழுதாக்கக்கூடிய செயல்களாகும். போட்டிகளில் திரவ நைட்ரசனைக் கொண்டு அட்டைகளைப் பூச்சியத்துக்கும் வெகு கீழே குளிர்விப்பர். அம்முறை சில நிமிடச் சாதனைக்கே உரியது. அன்றாட ஆட்டத்துக்கு உரியதன்று. மடிக்கணினிகளில் குளிர்விக்கும் அமைப்பும் மின்வழங்கியும் மிகச் சிறிய இடைவெளியுடன் வடிவமைக்கப்படுவதால், அவற்றில் வேகமிகுப்பைத் தவிர்த்து மின்னழுத்தக் குறைப்பை மட்டும் கையாள்வதே பொருத்தமானது.